மதர்போர்டில் எது உள்ளேயே இருக்க வேண்டும், எதைப் பிறகு வாங்கிச் சேர்க்கலாம்?

தண்டையார்பேட்டை கணக்கர் – ஞாயிறு, இரவு 8.10

வணக்கம். பத்து நாட்களுக்கு முன் இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவில் எங்கள் வீட்டுக் கணினி போய்விட்டது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 சிப் கொண்டது. பத்து ஆண்டுகள் குறையில்லாமல் உழைத்தது. பழுதுபார்ப்பவர் திறந்து, மதர்போர்டில் இணையக் கம்பி செருகும் லேன் போர்ட்டை ஒட்டியிருந்த சிறிய சிப் கருகிக் கிடப்பதைக் காட்டினார். அதே வகைப் பழைய போர்டைத் தேடி வாங்க எனக்கு விருப்பமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கான பட்டியலில் அந்த ஐ3 இல்லை. ஆகவே புதிதாக ஒன்று சேர்க்கப்போகிறோம்.

ஒரே கணினியை மூன்று பேர் பயன்படுத்துகிறோம். பகலில் நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கிறேன். மூன்று நகல் பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இல்லாமல் முடியாது. என்னுடையது 25 பின் கொண்ட பழைய எல்பிடி (பேரலல் போர்ட்) வகை. மாலையில் தங்கை பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களைத் தன் குரலில் பதிவு செய்து வீடியோவாக்குகிறாள். இரவில் தம்பி விளையாடுகிறான். கிராபிக்ஸ் கார்டு வாங்க இந்த ஆண்டு பணமில்லை. ரவுட்டர் தெருப்பக்க அறையில், கணினி பின்னறையில். நடுவில் இருப்பது தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம்.

கடையில் இரண்டு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். ஒன்று எச்610 சிப்செட் கொண்ட மதர்போர்டு. மற்றொன்று வைஃபையுடன் கூடிய பி760, சுமார் 6,000 ரூபாய் கூடுதல். இரண்டுக்கும் சிப் (பிராசஸர்) இன்டெல் ஐ5 13400எஃப். பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. 6,000 ரூபாய் எங்களுக்குச் சிறிய தொகை இல்லை. அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?


மின்ட் தெரு வாசி – ஞாயிறு, இரவு 8.35

போர்டைப் பற்றிப் பேசும் முன் சிப்பைப் பாருங்கள். அந்த 13400எஃப் உங்களுக்கு வேண்டாம். பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் சிப்புக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் அழகாக இருக்கும். மானிட்டரைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். அந்தப் போர்ட்களுக்குச் சொந்தமாகப் படம் தரும் சக்தி இல்லை. சிப்பிலிருந்து வருவதை வெளியே கடத்துவது மட்டுமே அவற்றின் வேலை. எஃப் இல்லாத 13400 கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு நகைக்கடைக்கு இப்படி மூன்று கணினிகள் வந்தன. மூன்றிலும் படம் வரவில்லை. போர்டு பழுது என்று எண்ணி இரண்டு முறை போர்டையே மாற்றிய பிறகுதான் காரணம் தெரிந்தது.


பெரம்பூர் பட்டறை – ஞாயிறு, இரவு 10.05

தம்பி, பெரம்பூரில் 19 ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். போர்டை எடைபோட என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு வசதியையும் பார்த்து, இது இல்லாவிட்டால் நாளைக்கு வெளியே வாங்கிச் சேர்க்க முடியுமா என்று கேட்பேன். முடியும் என்றால் அதற்காகப் போர்டில் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன். முடியாது என்றால் பணத்தை அங்கேதான் போடுவேன்.

வைஃபையைச் சேர்க்கலாம். ஆடியோவைச் சேர்க்கலாம். யுஎஸ்பி போதவில்லை என்றால் ஹப் வாங்கலாம். ஆனால் இரண்டு ரேம் ஸ்லாட் உள்ள போர்டில் மூன்றாவதை யாராலும் ஒட்டவைக்க முடியாது. எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் செருகும் எம்.2 ஸ்லாட்டும் பெரும்பாலும் அப்படித்தான். சிப்புக்கு மின்சாரம் தரும் பகுதி எப்படிப் பிறந்ததோ அப்படியேதான் கடைசி வரை இருக்கும்.

சிப்செட் என்பது போர்டின் மற்ற பாகங்களைச் சிப்போடு இணைக்கும் பகுதி. ரேமுக்கு இருப்பது இரண்டு சேனல்; எச்610 சிப்செட்டில் ஒரு சேனலுக்கு ஒரு ரேம் என்பது இன்டெல் வைத்த வரம்பு. எந்த நிறுவனம் செய்தாலும் இரண்டு ஸ்லாட்தான். அதோடு, சிப்பிலிருந்து நேராக வரும் நான்கு பிசிஐஇ 4.0 பாதைகளை (தரவு ஓடும் வழிகள்) எச்610 எஸ்எஸ்டிக்குத் திறந்துவிடுவதில்லை. அதனால் எம்.2 சிப்செட் வழியாக 3.0 வேகத்தில் ஓடும். நொடிக்குச் சுமார் 3.5 ஜிபி. பி760இல் அதைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கும். பில் அடிக்கும் உங்களுக்கு இந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது. தங்கை பெரிய வீடியோக் கோப்புகளை நகலெடுக்கும்போது ஓரளவு தெரியும். வேகத்தை விட எண்ணிக்கையைப் பாருங்கள் என்பேன்: ஓர் எம்.2 இருந்தால், இடம் நிரம்பும் நாளில் உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் புதிதைப் போட வேண்டும்.

இனி உங்கள் பிரிண்டர். இதைக் கவனமாகப் படியுங்கள். சில மலிவு விலைப் போர்டுகளின் கீழ் விளிம்பில் இரண்டு வரிசைப் பின்கள் நிற்கும். பக்கத்தில் எல்பிடி என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்கென்று விற்கும் பட்டை கேபிளைச் செருகிப் பின்புறத்துக்குக் கொண்டுவந்தால் உங்கள் 25 பின் போர்ட் தயார். பெட்டியின் மேல் இதை எழுத மாட்டார்கள். விளையாடுபவர்களுக்கு என்று விற்கும் விலை கூடிய போர்டுகளில் அந்த இடத்தை வண்ண விளக்குக்கான பின் வரிசை (ஹெடர்) பிடித்துக்கொள்கிறது. அதனால் உங்கள் எச்610இல் பிரிண்டருக்கு வழி இருந்து, பி760இல் இல்லாமலும் போகலாம். யுஎஸ்பியிலிருந்து எல்பிடிக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. விண்டோஸ் மென்பொருளுக்கு அது போதும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து பில் மென்பொருள் எல்பிடி1 என்ற போர்ட்டை நேராகத் தேடும், இந்தக் கேபிள் அதன் கண்ணுக்குப் படாது. உங்களுடையது எது?


வியாசர்பாடி மாணவன் – ஞாயிறு, இரவு 10.40

அண்ணன் சொல்லும் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதையே இன்னும் ஓர் அடி நீட்ட வேண்டும். சிப் உட்காரும் சாக்கெட்டையும் பின்னால் மாற்ற முடியாது அல்லவா?

எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளை ஏற்கிறது. 2024 அக்டோபரில் இன்டெல் எல்ஜிஏ1851க்குப் போய்விட்டது. இன்று வாங்கும் பி760இல் ஐந்து ஆண்டு கழித்துப் போடப் பழைய சிப்தான் தேட வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4இல், 2017இல் விற்ற பி350 போர்டுகள்கூட 2022இல் வந்த பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) மாற்றத்தால் ரைசன் 5000 சிப்பை ஏற்றன. ரைசன் 5 7600 சிப்பில் சிறிய கிராபிக்ஸ் பகுதியும் இருக்கிறது; மானிட்டர் நேராக வேலை செய்யும். கணக்கர் அண்ணன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.


தண்டையார்பேட்டை கணக்கர் – திங்கள், காலை 7.20

எல்லோருக்கும் நன்றி. எஃப் விஷயத்தை மட்டும் கேட்காமல் போயிருந்தால் பெரிய இழப்பாகியிருக்கும்.

பில் மென்பொருள் டாஸ் காலத்ததுதான். டாஸ் சூழலைப் போலச் செய்யும் ஒரு நிரலுக்குள் அதை ஓட்டுகிறேன். முதலாளியின் அப்பா காலத்தில் எழுதி வாங்கியது. அதை மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை.

தம்பி, ஏஎம்5 பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் என் அத்தான் தன்னிடம் சும்மா இருந்த 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டைக் கொடுத்திருக்கிறார். ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தானே?


வியாசர்பாடி மாணவன் – திங்கள், காலை 7.45

ஆம் அண்ணா, டிடிஆர்5 மட்டும்தான். இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்தினாலும் உட்காராது. கையில் 16 ஜிபி இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படியென்றால் ஒன்றை மட்டும் உறுதியாகப் பாருங்கள்: பி760 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகையாக வருகின்றன, சில நிறுவனங்கள் டிடிஆர்4 வகையின் பெயரில் டி4 என்று சேர்த்திருக்கும். நான்கு ஸ்லாட் உள்ளதாகவும் பாருங்கள். எச்610 வாங்கினால் உங்கள் இரண்டு ரேமும் இரண்டு ஸ்லாட்டையும் அடைத்துவிடும். அக்காவின் வீடியோ வேலைக்கு 32 ஜிபி வேண்டும் என்ற நாளில் இவற்றைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.


எண்ணூர் அலை – திங்கள், பிற்பகல் 1.15

உங்கள் போர்டு எப்படிப் போனது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் புதுப் போர்டுக்கும் அதே கதி வரக் கூடாது.

லேன் சிப் கருகியது என்றால் மின்னலின் தாக்கம் பெரும்பாலும் கரன்ட் கம்பி வழியாக அல்ல, இணையக் கம்பி வழியாக வந்திருக்கும். உங்கள் இணைப்பு மாடியில் உள்ள இணைய சுவிட்ச் பெட்டியிலிருந்து செப்புக் கம்பியாக வீட்டுக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் இடி விழுந்தாலும் வெட்ட வெளியில் ஓடும் நீண்ட கம்பியில் மின்னழுத்தம் எழும். லேன் போர்ட்டுக்குள் சிறு மின்மாற்றி பாதுகாப்பாக இருக்கிறது, ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஃபைபர் இணைப்பு கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எந்த விலை போர்டிலும் உள்ள வசதி இதற்கு ஈடாகாது.

லேன் வேகத்தைப் பொறுத்தவரை, பி760இல் பெரும்பாலும் 2.5 கிகாபிட் போட்டிருப்பார்கள். உங்கள் ரவுட்டரில் உள்ளது 1 கிகாபிட் போர்ட் என்றால் ஓடப்போவதும் 1 கிகாபிட்தான். வீட்டில் இரண்டாவது கணினியோ கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியோ இல்லாதவரை அந்த இரண்டரைக்கு வேலை இல்லை.

வைஃபையைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு செய்தி. வைஃபை இல்லாத பல போர்டுகளில்கூட அதற்கான சிறிய எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும், இ-கீ என்பார்கள். அதில் கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் கார்டும் எல்லாவற்றிலும் வேலை செய்யாது. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவற்றில் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டே செய்ய வேண்டும். ஏஎம்டி போர்டில் அவை உயிர்பெறாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுக் கார்டுகள், இரண்டிலும் ஓடும். ஆன்டெனாக் கம்பியும் பின்புறத் தகடும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், உங்கள் ஒன்றரை அடிச் சுவரை எண்ணினால், கேட்6 லேன் கம்பி ஒன்றை வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்று. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. வெறும் தண்ணீர் பட்ட போர்டைக் காயவைத்துப் பிழைக்கவைத்திருக்கிறேன். அந்த எண்ணெய்ச் சேறு பட்ட ஒன்றைக்கூட மீட்க முடியவில்லை.


ஒலிக்கூடம் – திங்கள், இரவு 9.30

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்கிறேன், ஆகவே தங்கைக்காகச் சில வார்த்தைகள்.

போர்டு பெட்டியில் ஆடியோவைப் பற்றிப் பெரிய பெயர்கள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டுச் சிப்பின் எண்ணைத் தேடுங்கள். குறைந்த, நடுத்தர விலையில் பெரும்பாலும் ரியல்டெக் ஏஎல்சி897 இருக்கும். விலை கூடியதில் ஏஎல்சி1220 இருக்கும். பாட்டுக் கேட்க 897 போதும், மனசாரச் சொல்கிறேன். பதிவு செய்வதுதான் வேறு விஷயம். அந்த இளஞ்சிவப்பு மைக் துளைக்குள் வரும் ஒலி மிக மெலிந்தது. அதைப் பல மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது போர்டுக்குள் ஓடும் மற்ற மின்னோட்டங்களின் சலசலப்பும் கூடவே பெருகும். ஆடியோப் பகுதியைப் போர்டின் மற்ற பகுதியிலிருந்து ஒரு கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள், அதனால் குறையும், ஆனால் போகாது.

யுஎஸ்பி மைக் வாங்கினால் ஒலியை எண்ணாக மாற்றும் வேலை மைக்குக்குள்ளேயே முடிந்துவிடும். போர்டின் ஆடியோச் சிப்புக்கும் உங்கள் தங்கையின் குரலுக்கும் பிறகு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே ஆடியோவுக்காகப் போர்டில் ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம். அந்தப் பணத்தை மைக்கில் போடச் சொல்லுங்கள். நான் முதல் இரண்டு ஆண்டுகள் இதைத் தலைகீழாகச் செய்தேன். விலை உயர்ந்த போர்டும் விலை குறைந்த மைக்குமாக எடுத்த அந்தப் பதிவுகளை இன்று கேட்கப் பொறுக்கவில்லை.

போர்டு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். யாரும் பேசாமல் பத்து நொடி பதிவு செய்து, ஒலியை முழுதாக ஏற்றிக் கேளுங்கள். பதிவின்போது மவுஸை ஆட்டியபோது இரைச்சல் மாறியிருந்தால் மின்சாரச் சலசலப்பு உள்ளே வருகிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம் இரண்டு. வீட்டில் எர்த் சரியாக இருக்காது, அல்லது கேபினட்டின் முன்பக்க ஆடியோ கேபிள் போர்டின் மேலே குறுக்காகப் போயிருக்கும். கேபிளை விளிம்பை ஒட்டிக் கொண்டுபோனாலே பாதி குறைந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி வழித்தட ரயில்கள் போகும் இடைவெளி பார்த்துத்தான் நான் பதிவு செய்கிறேன். தங்கையும் தன் தெருவின் அமைதியான நேரத்தை முதலில் கண்டுபிடிக்கட்டும்.


தண்டையார்பேட்டை கணக்கர் – செவ்வாய், காலை 6.50

அக்கா, உங்கள் பதிவைத் தங்கை இரண்டு முறை படித்தாள். யுஎஸ்பி மைக் என்று முடிவாகிவிட்டது.

அப்படியானால் யுஎஸ்பி போர்ட்கள் போதுமா? கீபோர்டு, மவுஸ், மைக், வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், தம்பியின் கன்ட்ரோலர். பெட்டியில் 3.2 ஜென் 1, 3.2 ஜென் 2 என்றெல்லாம் போட்டிருக்கிறது. புரியவில்லை.


மின்ட் தெரு வாசி – செவ்வாய், காலை 8.05

பெயரை மறந்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். 3.2 ஜென் 1 என்பது பழைய யுஎஸ்பி 3.0தான், 5 கிகாபிட். ஜென் 2 என்றால் 10. ஜென் 2x2 என்றால் 20. யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட், கீபோர்டு, மவுஸ், மைக்குக்கு அது தாராளம். பின்புறத்தில் குறைந்தது ஆறு போர்ட் இருக்கட்டும், அவற்றில் குறைந்தது இரண்டு 5 கிகாபிட்டாக இருக்கட்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் மொத்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். போர்டின் மேல் உள்ள ஹெடர்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். அவை உங்கள் கேபினட்டின் முன்பக்கத்தில் துளை இருந்தால்தான் பயன்படும். முன்பக்கத்தில் டைப் சி உள்ள கேபினட் வாங்கிவிட்டு, போர்டில் அதற்கான ஹெடர் இல்லாமல் அந்தத் துளையை அப்படியே விட்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் போர்டை எண்ணினாலும் தயாரிப்பாளரின் தளத்தில் கையேட்டை இறக்கிப் படியுங்கள். குறிப்பாக, அடிக்குறிப்புகள். இரண்டாவது எம்.2இல் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் ஹார்ட் டிஸ்க் செருகும் ஒரு சாட்டா போர்ட் செயலிழக்கும் என்பது போன்ற செய்திகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நீளமாக இருக்கும் இரண்டாவது பிசிஐஇ ஸ்லாட்டுக்குள் உண்மையில் எத்தனை பாதை என்பதும் அங்கேதான்.


பெரம்பூர் பட்டறை – செவ்வாய், இரவு 11.10

இன்று முழுதும் வேலை, இப்போதுதான் உட்கார்ந்தேன். நான் சொல்லாமல் விட்ட முக்கியமான பகுதி ஒன்று இருக்கிறது.

சிப்பின் இடப்புறமும் மேற்புறமும் வரிசையாகச் சதுரக் கட்டிகள் நிற்கும். விஆர்எம் என்பார்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைச் சிப்புக்கு வேண்டிய ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக இறக்கித் தருவது அதன் வேலை. அதன் மேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா, திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான எச்610 பலவற்றில் ஒன்றுமே இருக்காது. பெட்டியில் பெரிய எழுத்தில் வராத இந்தப் பகுதிதான் என் பட்டறைக்கு அதிகம் வருகிறது.


வியாசர்பாடி மாணவன் – செவ்வாய், இரவு 11.25

அண்ணா, 13400 என்பது 65 வாட் சிப். அதற்கு இவ்வளவு கவலை தேவையா? விஆர்எம் பேச்செல்லாம் சிப்பைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டி ஓவர்கிளாக் செய்பவர்களுக்கு என்றுதான் நினைத்தேன். பி760இல் சிப்பை ஓவர்கிளாக் செய்யவும் முடியாது.


பெரம்பூர் பட்டறை – செவ்வாய், இரவு 11.50

65 என்பது அடிப்படை வேகத்துக்கான எண் தம்பி. அதே சிப்புக்கு இன்டெல் குறித்திருக்கும் உச்ச டர்போ அளவு 148 வாட். கணக்கரின் தங்கை வீடியோவைத் தொகுத்து முடித்துக் கோப்பாக்கும்போது சிப் அந்த உச்சத்தை நோக்கிப் போகும். விஆர்எம் தாங்கவில்லை என்றால் போர்டு உடனே எரிந்துவிடாது. சிப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை பதினைந்து நிமிடமாகும், காரணம் யாருக்கும் தெரியாது.

மே மாதத்தில் மொட்டை மாடி அறையின் வெப்பம் உனக்குத் தெரியும். கெப்பாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும் என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. திருச்சியில் எட்டு ஆண்டு ஓடும் போர்டு காசிமேட்டில் ஐந்திலேயே வருவதை நான் பார்க்கிறேன். வெப்பத்தோடு இங்கே உப்புக் காற்றும் சேர்கிறது. பின்புறத் தகடு துருப்பிடிக்கும், பயன்படுத்தாத போர்ட்களில் களிம்பு ஏறும், ரேம் பின்கள் மங்கும். பயன்படுத்தாத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். வாரம் ஒரு முறையாவது கணினியை ஓடவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளே படிந்த ஈரம் போய்விடும். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாதக்கணக்கில் அணைத்து வைத்த கணினிதான் முதலில் என்னிடம் வருகிறது.

கடைசியாக, பயாஸ் ஃபிளாஷ்பேக். சிப்பும் ரேமும் இல்லாமலே, பென் டிரைவைச் செருகிப் பின்புறப் பொத்தானை அழுத்திப் பயாஸை மாற்றும் வசதி. நாளைக்கு 14ஆம் தலைமுறைச் சிப் பழையதாகக் கிடைத்து, போர்டில் பழைய பயாஸ் இருந்தால் இதன் அருமை தெரியும். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகைச் சிப்களில் மின்னழுத்தச் சிக்கல் வந்தபோது அதற்கான திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. ஆகவே போர்டைத் தயாரித்தவர் தளத்தில் பயாஸ் எத்தனை முறை வந்திருக்கிறது, கடைசியாக எப்போது வந்தது என்பதையும் வசதிப் பட்டியலில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.


தண்டையார்பேட்டை கணக்கர் – சனி, இரவு 9.00

இன்று போய் வந்தேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவில் மூன்று மணி நேரம் நடந்தேன். கையேடுகளை முன்பே இறக்கி வைத்திருந்ததால் கடைகளில் பேச முடிந்தது.

பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மலிவான எச்610இல் எல்பிடி ஹெடர் இருக்கிறது. வைஃபையுடன் கூடிய பி760இல் இல்லை. சில நிமிடங்கள் மனம் எச்610 பக்கமே சாய்ந்தது. பிறகு அண்ணனின் கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டேன். எல்பிடியைப் பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் கார்டாக வாங்கிச் சேர்க்கலாம். ரேம் ஸ்லாட்டைச் சேர்க்க முடியாது.

என் இரண்டு விலைப்பட்டியலிலும் இல்லாத மூன்றாவது ஒன்றை வாங்கினேன்: வைஃபை இல்லாத பி760, டிடிஆர்4 வகை. நான்கு ரேம் ஸ்லாட், இரண்டு எம்.2, விஆர்எம்மின் மேல் திருகி இறுக்கிய அலுமினியக் கட்டி, பின்புறம் ஆறு யுஎஸ்பி, ஃபிளாஷ்பேக் பொத்தான். வைஃபைக்கான ஸ்லாட் காலியாக இருக்கிறது. எச்610ஐ விட 3,200 ரூபாய் கூடுதல். மீந்த 2,800இல் எல்பிடி கார்டும் கேட்6 கம்பியும் வாங்கிய பிறகும் மைக்குக்கு ஓரளவு பணம் நின்றது. சிப், எஃப் இல்லாத 13400.


பெரம்பூர் பட்டறை – சனி, இரவு 9.40

நல்ல தேர்வு. மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் ஒவ்வொரு துளையையும் சோதித்துவிடுங்கள், இன்று தேவைப்படாதவற்றையும் சேர்த்து. ஒரே பென் டிரைவை எல்லா யுஎஸ்பியிலும் செருகுங்கள். இரண்டாவது எம்.2இலும் எஸ்எஸ்டியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேம் இரண்டையும் நான்கு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு இயக்குங்கள். நாளைக்கு வாங்கப்போகும் ரேம் உட்காரப்போகும் ஸ்லாட் நன்றாக இருக்கிறதா என்பது இப்போதே தெரிய வேண்டும்.


தண்டையார்பேட்டை கணக்கர் – திங்கள், இரவு 10.20

எல்லாம் சோதித்தாகிவிட்டது. யுஎஸ்பி ஆறும், முன்பக்கத்தில் நான்கும் சரி. ரேம் ஸ்லாட் நான்கும் சரி. தங்கையின் பத்து நொடி அமைதியில் இரைச்சல் இல்லை. முன்பக்க ஆடியோ கேபிளை நான் குறுக்காகத்தான் போட்டிருந்தேன். ஹெட்போனில் கொர் என்று வந்தது. விளிம்பை ஒட்டி மாற்றினேன், நின்றுவிட்டது. ஃபைபர் இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை மழை மேகம் கண்டால் லேன் கம்பியைக் கழற்றிவிடுகிறோம்.

பிரிண்டர் மட்டும் ஞாயிறு முழுதும் அசையவில்லை. கார்டு பழுதென்று நினைத்து மனம் உடைந்துபோனேன். கடைசியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கார்டு தன்னை எல்பிடி3 என்று பதிந்துகொண்டிருந்தது. பில் மென்பொருள் தேடுவதோ எல்பிடி1. போர்ட் அமைப்பில் போய் எண்ணை மாற்றி, மறுபடி இயக்கினேன். இன்று காலை ஒன்பதரை மணிக்கு முதல் பில் மூன்று நகலிலும் தெளிவாக விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணா, பழைய போர்டைத் தூக்கிப் போடவில்லை. உங்கள் பட்டறைக்கு உதிரியாகப் பயன்படும் என்றால் இந்த வாரமே பெரம்பூர் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன்.